ரெஜிஷாவின் நீல ரம்புட்டான்

பொத்தானை அழுத்தியதும் ரெஜிஷா திரையைப் பார்ப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் கணவர் சுந்தர்சிங்கின் முகத்தைத்தான் பார்க்கிறார். திரையில் இரண்டு வட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு புது நிறம்.

“வேற வேறயா தெரியுதா?”

“இல்லட்டி.”

மறுபடி அழுத்துகிறார்.

குலசேகரத்தில் தையல் கடை நடத்துகிறார் ரெஜிஷா. மழைக்காலத்தில் துணி வரத்து குறைந்தபோது, கைபேசியில் பாடம் கேட்டு, புதியவர்களுக்கான எளிய கணினி மொழி ஒன்றில் விளையாட்டு எழுதப் பழகினார். நிரலில் பிழை வந்தால் அலட்டிக்கொள்ள மாட்டார். வாயில் கடித்த நூலோடு, “பிரிச்சுத் தச்சா போச்சு” என்பார்.

அவருடைய முதல் விளையாட்டில் ரம்புட்டான் விழும். சிவந்த பழத்தைக் கூடையில் பிடிக்க வேண்டும். பச்சைக் காயை விட்டுவிட வேண்டும். தங்கை எலிசா எளிதாக வென்றார். சுந்தர்சிங் காயாகப் பிடித்துக் கூடையை நிரப்பினார். ரெஜிஷா வயிறு வலிக்கச் சிரித்தார்.

“எனக்க கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இரிக்கு” என்றார் சுந்தர்சிங், மெல்ல.

சிரிப்பு நின்றது. “இத்தன வருசமா செல்லல்லியே?”

“செல்லியிருந்தா இப்பிடித்தான் சிரிப்பாவ.”

அவர் கண்ணுக்கு வேறுபட்டுத் தெரியும் இரண்டு நிறங்களைத் தேட, மறுநாளே ரெஜிஷா இன்னொரு நிரல் எழுதினார். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் கணினியே ஏதேனும் ஓர் எண்ணை எடுத்துக் கலந்து நிறமாக்கும். ஒருமுறை சுந்தர்சிங், “இது தெரியுது” என்றார். அதற்குள் ரெஜிஷாவின் விரல் அடுத்த ஜோடிக்குப் போய்விட்டது. எண்களை எங்கும் சேமிக்கவில்லை. அந்த ஜோடி திரும்ப வரவே இல்லை.

“நெறம் உண்டாக்கியது பெரிசில்ல, கேட்டியளா? உடனே ஒரு பேரு போட்டு வச்சிரணும். இல்லெங்கி போச்சு” என்று, பின்னொரு நாள் கடைக்குப் போயிருந்த என்னிடம் சொல்லிச் சிரித்தார். அந்த இழப்புக்குப் பிறகு வந்த ஒவ்வொரு நிறமும் தானாகவே சேமிப்பில் விழுந்தது.

கடைசியில் ஒரு ஜோடி அகப்பட்டது. அடர்நீலத்துக்கு ‘பழம்’ என்றும், வெளிர்மஞ்சளுக்கு ‘காய்’ என்றும் பெயர் வைத்துச் சேமித்தார்.

“நீல ரம்புட்டானா? யாராம் கண்டிருக்கா?” என்றார் எலிசா.

“இவிய கண்டாச்சு. அது போதும்” என்று கணவரைக் காட்டினார் ரெஜிஷா.

அன்று சுந்தர்சிங் ஒரு காய்கூடப் பிடிக்காமல் வென்றார். நாற்காலியில் சாய்ந்து, கால்மேல் கால் போட்டு, “இவ்வளவுதானா ஒனக்க வெளையாட்டு?” என்றார்.

ரெஜிஷா மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, பழம் விழும் வேகத்தை இரட்டிப்பாக்கி, அவர் முன்னால் தள்ளினார்.