லீசியைக் கழுவிய சிவக்கொழுந்து அண்ணை

சனிக்கிழமை காலை, சூரிச்சில் ட்ராமில் இருந்தபோது மகள் தொலைபேசியில் அழைத்தாள்.

"அப்பா, ரெனான்ல இருந்த சிவக்கொழுந்து மாமா மோசம் போயிட்டாராம். நேற்றுப் பின்னேரம், ஆஸ்பத்திரியில உயிர் போயிருக்கு."

நான் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. கடைசித் தரிப்பிடம் வரை போய் அங்கிருந்த வாங்கில் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. தேங்காய் எண்ணெயும் குதிரை லத்தியும் கலந்த ஒரு நாற்றம்தான் மூக்கில் வந்தது. அண்ணையோடு சூக் நகரில் வேலை செய்தவர்களுக்கு அது ஏன் என்று தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

பள்ளிக்கூடம் போகாத நான் இந்த வயதில்தான் பேத்தியின் தமிழ் வகுப்பில் பின் வாங்கில் இருந்து எழுதப் பழகினேன். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பின்னேரம் வேண்டும். எழுத எழுதச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. எழுதப்போகிற விஷயம்தான் இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிறது.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் இருவரும் சூக்கில் ஏரிக்கரை உணவகம் ஒன்றில் தட்டுக் கழுவினோம். அங்கே பேர் போன சாப்பாடு குதிரை இறைச்சி. சாப்பிட்டு முடித்த தட்டில் இரத்தமும் வெண்ணெயும் உறைந்து, தோல் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். அண்ணை அதை விரலால் தொடமாட்டார். முதலில் கொதிதண்ணீர் ஊற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, "சீ" என்பார். பிறகுதான் தேய்ப்பார். நான் சிரிப்பேன். "சிரி, சிரி. அருவருக்கத் தெரியாதவன் சுத்தமாய்க் கழுவான் தம்பி" என்பார்.

உணவக முதலாளிக்கு மேட்டில் ஒரு குதிரைத் தொழுவமும் இருந்தது. காலையில் நாங்கள் அங்கே லத்தி அள்ளினோம். தட்டில் வருவதும் தொழுவத்தில் நிற்பதும் ஒரே இனம் என்பது அந்த மனிதருக்கு ஒரு பொருட்டே அல்ல. ஒரு குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே இன்னொன்றின் இறைச்சிக்கு விலை பேசுவார்.

லீசி அங்கே நின்ற ஒரு கலப்புக் குதிரை. தாய், ஜூரா மலைப் பக்கத்து வண்டிக் குதிரை. தகப்பன், வேலி பாய்ந்து வந்த ஓர் அரபுக் குதிரை. தலை சின்னதாக, கண் பெரிதாக, பார்க்க அவ்வளவு வடிவு. கீழே பார்த்தால் தூண் மாதிரிக் கால்கள், குளம்பை மூடிய மயிர்.

"முகம் கொழும்புப் பட்டணம், கால் வன்னிக் காடு" என்றார் அண்ணை. அவளில் அவருக்கு உயிர்.

இலையுதிர் காலத்தில் பக்கத்துக் கிராமத்தில் குதிரைக் கண்காட்சி. குதிரைகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்து, ஒவ்வொரு வகுப்புக்கும் ஒவ்வொரு அலங்காரம் கேட்பார்கள். சவாரிக் குதிரை என்றால் பிடரியைப் பின்ன வேண்டும், கால் மயிரை வெட்ட வேண்டும், மெல்லிய கடிவாளம் போட வேண்டும். வண்டி இழுக்கும் குதிரை என்றால் பிடரியும் கால் மயிரும் இருந்தபடியே இருக்க வேண்டும், தடித்த தோல் பட்டை பூட்ட வேண்டும். கலப்புக் குதிரையை எந்த வகுப்பில் விடுவது என்பதை அதன் உடம்பைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். முதலாளி முகத்தைப் பார்த்துச் சவாரி வகுப்பில் பெயர் கொடுத்தார். பரிசு வராவிட்டால் அவளை இறைச்சிக் கடைக்கு அனுப்புவதாகவும் சொன்னார். சொல்லும்போது பல்லுக் குத்திக்கொண்டிருந்தார்.

அண்ணையும் அந்த முகத்தில் மயங்கித்தான் இருந்தார். கண்காட்சிக்கு முதல் நாள் பின்னேரம் தேங்காய் எண்ணெய்ப் போத்தலோடு தொழுவத்துக்கு வந்தார்.

"என்ன அண்ணை இது?"

"எண்ணெய் வைச்சால்தான்ரா பின்னல் இறுகி நிக்கும். என்ரை தங்கச்சிமாருக்கு நான்தான் பின்னி விடுறனான்."

"அது குதிரை அண்ணை."

"மயிர் எண்டால் மயிர்தான். நீ பொத்திக்கொண்டு பிடி."

பிடரி முழுக்க எண்ணெய் வைத்து, சின்னச் சின்னப் பின்னலாகப் போட்டார். முதலாளி சொன்னபடி மூக்கில் வாசலின் பூசினார். கால் மயிரை வெட்டப் போனபோது லீசி உதைத்தாள். "சரி, விடு. ஆர் கீழ பார்க்கப்போறாங்கள்" என்று கத்திரிக்கோலை வைத்துவிட்டார்.

மறுநாள் நல்ல வெயில். லீசியின் உடம்பு சூடேற ஏற எண்ணெய் இளகியது. திடலில் முதல் சுற்று முடியுமுன் பின்னல்கள் ஒவ்வொன்றாக வழுக்கி அவிழ்ந்தன. கழுத்தில் எண்ணெய் வழிய, அதில் புழுதியும் உமியும் ஒட்டிப் பிசின் மாதிரி ஆனது. வாசலின் பூசிய மூக்கில் இலையான் மொய்த்தது. மெலிந்த கால்கள் கொண்ட குதிரைகளுக்கு நடுவே அவள் சடைக் காலோடு நின்றாள். நடுவராக வந்த பெண்மணி அவள் கழுத்தைத் தொட்டு, விரலை மணந்து பார்த்து, "இது என்ன, சமையலா?" என்று கேட்டார். சனம் சிரித்தது. "எங்கள் சிலோன்காரன் செய்த வேலை" என்று முதலாளியும் சேர்ந்து சிரித்தார். பிறகு எங்களிடம் வந்து, திங்கட்கிழமை இறைச்சிக் கடைக்காரரின் வண்டி வரும் என்று சொல்லிவிட்டு பியர் குடிக்கப் போனார்.

அண்ணை லீசியை மரத்தடிக்குக் கொண்டுபோனார். கொஞ்ச நேரம் அவளைச் சுற்றிச் சுற்றி நடந்தார். முகத்தைப் பார்க்கவில்லை. காலை, முதுகை, நெஞ்சைத்தான் பார்த்தார். பிறகு நிலத்தில் துப்பினார்.

"சீ! கூத்தாடி மாதிரி ஆக்கிப்போட்டன். தம்பி, இவள் இழுக்கிற பிள்ளையடா. பின்னேரம் வண்டிக் குதிரை வகுப்பு இருக்கெல்லோ?"

"ஓம். முதலாளி விடுவாரோ?"

அண்ணை தனக்குத் தெரிந்த அரைகுறை ஜேர்மனில் போய்க் கேட்டார். "நாளை மறுநாள் போகிற குதிரைதானே, என்னவும் செய்" என்றார் முதலாளி, கோப்பையில் இருந்து கண் எடுக்காமல்.

சொசேச் இறைச்சி விற்ற கடையில் வாளி வாளியாகச் சுடுதண்ணீரும் தட்டுக் கழுவும் சவர்க்காரமும் வாங்கி வந்தோம். அண்ணை சட்டையைக் கழற்றிவிட்டுக் கழுவத் தொடங்கினார்.

"எண்ணெய்ச் சட்டி கழுவுறவனுக்கு இது பெரிய வேலையோ?" என்றார். கண் கலங்கியிருந்தது. முதலில் கறுப்பாக ஓடிய தண்ணீர் பிறகு வெளுத்தது. அந்தச் சட்டையாலேயே அவள் மூக்கைத் துடைத்துவிட்டார். பூட்டத் தோல் பட்டை இல்லை. தன் குதிரையோடு வந்திருந்த ஜூராப் பக்கத்துப் பெண் ஒருவர், பிரெஞ்சு மட்டும் கதைப்பவர், கேளாமலே தன்னிடம் இருந்த மற்றப் பட்டையைக் கொண்டுவந்து பூட்டிவிட்டார்.

லீசி மரக்குற்றியை இழுத்துக்கொண்டு திடலைச் சுற்றினாள். பக்கத்தில் பாண்ட் வாத்தியம் முழங்க, காதை மட்டும் ஆட்டிக்கொண்டு அசையாமல் நின்றாள். காய்ந்த பிடரி காற்றில் பறந்தது. காலையில் சிரித்த அதே நடுவர் இப்போது குனிந்து அந்தச் சடைக் காலைத் தடவிப் பார்த்தார். மூன்றாம் இடத்து ரிப்பன் கிடைத்தது. ஜூராப் பெண் லீசியின் கழுத்தில் கையை வைத்தபடியே முதலாளியிடம் அவளை விலைக்குக் கேட்டார். காலையில் முதலாளியின் வாயில் வெறும் இறைச்சியாக இருந்தவள், பின்னேரம் 'என் லீசி' ஆகிவிட்டாள். வெட்கமில்லாத மனிதர். கை குலுக்கி விற்றுவிட்டார்.

ரிப்பனை அவர் லீசியோடு கொடுக்கவில்லை. உணவகத்தின் நடு மேசைக்கு மேலே தொங்கவிட்டார். அதற்குக் கீழே இருந்து ஆட்கள் குதிரை இறைச்சி தின்றார்கள். அந்த மேசைத் தட்டுகள் வந்தபோது அண்ணை கையுறையைக் கழற்றினார்.

"இனி இதைக் கழுவ மாட்டன்."

"வேலையை விட்டால் விசாவுக்குப் பிரச்சினை வருமண்ணை."

"வரட்டும். சோறு இறங்கவேணுமெல்லோ."

அடுத்த கிழமை அவர் பிரெஞ்சு பேசும் பக்கத்து ரெனானுக்குப் போய்விட்டார். நான் போகவில்லை. எனக்குப் பயம்.

சில வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஜூராவுக்கு ரயிலில் போய் லீசியைப் பார்த்தோம். பால் வண்டியில் பூட்டி நின்றாள். வயிறு வரை சேறு, பிடரியில் முள். அண்ணையை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. சட்டைப் பைக்குள் மூக்கை விட்டுத் துழாவி, ஒன்றும் இல்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்ணைக்கு அப்படி ஒரு சந்தோஷம். "பார், ஒருத்தருக்கும் வடிவு காட்டாமல் நிக்கிறாள்" என்று ரயில் வரும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அவரை அறிந்தவர்களே, அவருடைய படம் உங்கள் வீடுகளில் இருக்கும். என்னிடம் ஒரு படமும் இல்லை. இறைச்சிக் கடைக் கண்ணாடியில் குதிரைத் தலையைப் படமாகக் கீறி வைத்திருப்பதைக் கண்டால் இப்போதும் என் வாயில் "சீ" என்றுதான் வருகிறது. தெருவின் மற்றப் பக்கம் மாறி நடக்கிறேன். அந்த அருவருப்பு அவர் தந்தது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.