அத்தையின் வலப்புருவம்

நுவரெலியாவில் கண் டொக்டரின் மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் மண்டையோடு இருந்தது. அறைக்குள் நுழைந்த என்னைப் பார்த்து அது பல்லிளித்தது. எனக்கு நடக்கப்போவது அதற்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும்.

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை நான். இன்று யார் வலிக்கிறது என்றாலும் முதலில் உட்காரச் சொல்கிறேன். அன்று அப்படியில்லை; நடிப்பவர்களை ஒரே பார்வையில் பிடித்துவிடுவேன் என்று எனக்கு நானே பட்டம் சூட்டிக்கொண்டிருந்த காலம். கொழுந்தெடுக்கும் பெண்களில் எல்லாரும் அத்தை என்று அழைத்த ஒருவர், கூடை பாதி நிறைந்ததும் வலப்புருவத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். முதுகுக் கூடையைத் தாங்கும் கயிறு நெற்றியில் பட்டால் தீ வைத்தாற்போல எரிகிறது என்பார். கயிறு இரண்டு பக்கமும் ஒன்றாகத்தானே அழுத்துகிறது, இடப்பக்கம் ஏன் எரியவில்லை என்று வக்கீல் மாதிரி மடக்குவேன். அவரைப் போலவே உட்கார்ந்து காட்டி மற்றவர்களைச் சிரிக்கவும் வைப்பேன். கடைசியில், டொக்டரிடம் காட்டி வா, பொய்யென்றால் அவரைக் கொழுந்து வேலையிலிருந்து நிறுத்திவிடலாம் என்று தோட்டத்தை நடத்தும் துரை என்னையே துணைக்கு அனுப்பினார். பஸ்ஸில் அத்தை என்னைவிட்டுத் தள்ளிப் பின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார்.

டொக்டர் அவருடைய இடப்புருவ எலும்பை விரலால் அழுத்தினார். ஒன்றுமில்லை. வலப்பக்கம் அழுத்தியதும் அத்தை நாற்காலியோடு பின்னால் போனார். டொக்டர் மண்டையோட்டை எடுத்துக் கண்குழியின் மேல்விளிம்பைக் காட்டினார். நெற்றிக்குப் போகும் நரம்பு அந்த வழியாகத்தான் வெளியே வருகிறதாம். சிலருக்கு அது எலும்பு சூழ்ந்த துளை. சிலருக்குக் கீழே திறந்த வெறும் பள்ளம். ஒரே ஆளுக்கு இரண்டு பக்கமும் இரண்டு விதமாக அமைவதும் உண்டாம். அத்தைக்கு இடப்பக்கம் துளை; வலப்பக்கம் பள்ளம், அங்கே நரம்புக்கு எலும்பின் காவல் இல்லை. கயிறு நேராக நரம்பின்மேல் ஏறியிருந்தது. கயிற்றை உச்சிப் பக்கம் தள்ளி, அடியில் தடித்த துணி வைக்கச் சொன்னார். நான் எல்லாம் தெரிந்தவன்போலத் தலையாட்டிக்கொண்டே என் புருவத்தை ரகசியமாக அழுத்திப் பார்த்தேன். இரண்டு பக்கமும் பள்ளம். அழுத்திய வலியில் கண்ணில் நீர் வந்துவிட்டது.

மறுநாள் காலைப் பெரட்டில், பேர் கொடுக்க எல்லாரும் கூடியிருந்தபோது, அத்தை நடிக்கவில்லை என்று நானே சொன்னேன். துளை, பள்ளம், நரம்பு என்று கொஞ்சம் நீட்டவும் செய்தேன். அத்தை கயிற்றைத் தலையில் சரிசெய்தபடி கேட்டார்:

"எலும்பு சொன்னா நம்புறீங்க. மனுசி சொன்னா நம்ப மாட்டீங்களாங்க ஐயா?"

அத்தை என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முதல் ஆளாக மலை ஏறிவிட்டார்.