ஜெயசுதா துடைத்த கைகள்

லிங்கசாமி திருப்பூர் மண்ணரையைவிட்டுக் கிளம்பியது 2022 ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை. அவருடைய போட்டோ ஸ்டுடியோ இருந்த கட்டடம் கைமாறிவிட்டது. ஓசூரில் மகன் வீட்டில் அவருக்கு ஒரே அறை. முப்பது வருட நெகடிவ்கள் ஈரத்தில் ஒட்டிப் புளித்த நெடி அடித்தன. ஸ்கேன் செய்ததும் எறிந்துவிடச் சொல்லி, பதினாறு அட்டைப்பெட்டிகளை ஜெயசுதாவிடம் ஒப்படைத்தார்.

"பூராவும் பனியன் கம்பெனிப் பசங்க, கண்ணு. ஞாயித்துக்கெழமையானா கூலிங்கிளாஸுக்குச் சண்டை போடுவானுங்க. ஒருத்தனையும் உட்டுறாத."

ஜெயசுதா ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். அதற்குமுன் பதினான்கு வருடம் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் பனியன் படங்களைக் கணினியில் சுத்தம் செய்தவள். கறையைக் கண்டால் விரல் சும்மா இருக்காது. இளைஞர்களின் பழைய படங்களை இணையத்தில் சேர்க்கும் ஒரு குழு இந்த வேலையை அவளுக்குக் கொடுத்திருந்தது.

எட்டு மாதம் பிடித்தது. தொப்பி, கறுப்புக் கண்ணாடி, இரவல் கோட்டு. சிலருக்குக் கைகள் மட்டும் நீலமாக, சிவப்பாக. சாயப்பட்டறைக் கைகள் என்று அவளுக்குத் தெரியும். ஆசையாக எடுத்த படத்தில் இது எதற்கு, பாவம் என்று ஒவ்வொரு கையையும் துடைத்து, அதே கோப்பின் மேலேயே சேமித்தாள்.

2024 மாசியில், அந்தக் குழுவிடம் கடை முகவரி வாங்கிக்கொண்டு, திசையன்விளைப் பக்கத்திலிருந்து ரோஸ்மேரி பேருந்து பிடித்து வந்தாள். அவளுடைய அண்ணன் இன்னாசி பதினாறு வயதில் திருப்பூருக்கு வந்தவன். 1998இல் வந்த கடைசிக் கடிதத்தில், மண்ணரையில் தொப்பியும் கண்ணாடியும் போட்டுப் படம் எடுத்ததாகவும், கை முழங்கைவரை நீலமாக இருப்பதால் அம்மா அழுவாள் என்று அனுப்பவில்லை என்றும் எழுதியிருந்தான். அதன்பின் தகவல் இல்லை. வீட்டில் அவன் படம் ஒன்றுகூட இல்லை. அம்மாவுக்கு எண்பது வயது. கண் மங்குவதற்குள் மகன் முகத்தைப் பார்த்துவிட வேண்டும்.

இணையத்தில் தேடி இரண்டு படங்களை ரோஸ்மேரி குறித்து வைத்திருந்தாள். ஒரே தொப்பி, ஒரே கண்ணாடி, ஒரே அரும்பு மீசை. அண்ணன் போனபோது அவளுக்கு ஏழு வயது.

"கைய வச்சுக் கண்டுபிடிச்சிரலாம்னு நெனச்சேங்க்கா. ரெண்டு பேருக்கும் கை வெள்ளையால்லா இருக்கு."

ஸ்டுடியோக்காரர் மேல் பழியைப் போட்டிருக்கலாம். ஜெயசுதா போடவில்லை.

"நாந்தானுங்க தொடச்சேன். பாக்க நல்லா இருக்கட்டும்னு."

ரோஸ்மேரி திரையிலிருந்த ஒரு கையின்மேல் விரலை வைத்தாள். "அவன் கையையா?" என்றாள்.

நெகடிவ்கள் குப்பை வண்டியில் போய் ஒரு வருடமாகிவிட்டது. லிங்கசாமிக்குப் போன் போட்டால், அந்தத் தொப்பியை ஆயிரம் பேர் போட்டார்கள் என்றார். மூன்று நாள் கடையைத் திறக்காமல் இரண்டு படங்களிலும் நகக்கண்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள் ஜெயசுதா. ஒரு பொட்டு நீலம்கூட மிஞ்சவில்லை. அவள் வேலை எப்போதும் சுத்தம்.

இரண்டையும் பெரிதாக அச்சிட்டுக் கூரியரில் அனுப்பினாள். போய்ச் சேர்ந்ததா என்று கேட்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

பதினெட்டு மாதம் கழித்து ஒரு காலையில், கடைக் கதவைத் தூக்கும்போது ரோஸ்மேரியிடமிருந்து செய்தி வந்தது.

"அக்கா, அம்மா நேத்து எறந்துட்டாங்க. ரெண்டு படத்தையும் தெனமும் பாப்பாங்க. எவன் இன்னாசின்னு கடைசிவரைக்கும் சொல்லல. ரெண்டையும் அம்மாவோட சவப்பெட்டிக்குள்ள வச்சிட்டோம்."