திறப்பு இல்லாத ஐந்தாவது நட்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு புரட்டாதி மாத மதியம். புதுக்குடியிருப்பிலிருந்து வவுனியா ஆஸ்பத்திரிக்கு மாமியைக் காரில் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். மாமிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமைக்கு இரண்டு நாள் மெஷினில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். அவருடைய மகன், என் கணவர், வெளிநாட்டில் வேலை செய்வதால் நானே கார் ஓட்டப் பழகி, பாவித்த கார் ஒன்றும் வாங்கியிருந்தேன். முந்தைய முறை காய்ச்சலால் மாமி போகவில்லை. கால்கள் வீங்கி, நாலு சொல் கதைக்கவே மூச்சு வாங்கியது. இந்த முறையும் தவறக்கூடாது, மூன்றரை மணிக்கு வந்துவிட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஒட்டுசுட்டான் தாண்டி, மாங்குளம் போகும் காட்டுப் பாதையில் முன் டயர் காற்றுப் போய்விட்டது.

நான் பயப்படவில்லை. டயர் மாற்றுவதை வீடியோ பார்த்துப் பழகியிருந்தேன். ஜக் அடித்துக் காரின் சில்லை உயர்த்தினேன். நான்கு நட்டுகளை எப்படியோ கழற்றிவிட்டேன். ஐந்தாவது நட் வேறு மாதிரி இருந்தது. ஆறு பக்கம் இல்லாமல் வட்டமாக, ஓரம் மட்டும் நெளிநெளியாக. நட் கழற்றுகிற சாவி அதில் பிடிக்கவேயில்லை. சில்லைக் களவெடுக்காமல் இருக்கப் போடுகிற பூட்டு நட் அது. அதைக் கழற்றவென்றே தனித் திறப்பு ஒன்று உண்டாம். காரை முழுதும் கிளறினேன், இல்லை. காரை விற்றவருக்கு ஃபோன் எடுத்தேன். "அப்பிடி ஒண்டு இருக்கெண்டே எனக்குத் தெரியாது" என்றார். மாங்குளத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக், கிளிநொச்சிக்குப் போய்விட்டாராம்.

மணல் ஏற்றிய டிப்பர் லொறி ஒன்று நின்றது. டிரைவர் இறங்கி வந்து முழுப் பலத்தோடு திருகிப் பார்த்தார். சாவி வழுக்கி அவருடைய கைதான் சிராய்த்தது. மாமியை ஏற்றலாம் என்றால், அந்த உயரத்துக்கு அவரால் கால் தூக்கவே முடியாது. டிப்பர் போய்விட்டது. மாமி சீட்டில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். மணி ஒன்றே முக்கால்.

அப்போதுதான் ஒரு பெண் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். மண் நிறத்தில் நீளக்காற்சட்டை, முழுக்கைச் சட்டை, முழங்காலில் செம்மண். நட்டைக் குனிந்து பார்த்துவிட்டு, "கழட்டலாம் அக்கா. வீடு கிட்டத்தான், சாமான் எடுத்துக்கொண்டு வாறன்" என்றாள்.

நான் கேட்டதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. "வீட்டில ஆம்பிளையள் ஆரும் நிக்கினமோ, தங்கச்சி?"

"நிக்கினம். ஆனா எங்கட உழவு மெசினைக் கழட்டிப் பூட்டுறது நான்தான்."

பத்து நிமிடத்தில் ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்தாள். முதலில் மாமியை மெதுவாக இறக்கி மர நிழலில் இருத்தினாள். பிறகு, நான் கழற்றிய நட்டுகளைத் திரும்பப் பூட்டி, ஜக்கை இறக்கச் சொன்னாள். "சில்லு நிலத்தில அழுந்தி நிக்கோணும். இல்லாட்டி அடிக்கேக்க கார் விழும்."

சின்னத் தூரிகை ஒன்றால் நட்டின் இடுக்கில் இருந்த மண்ணைத் துகள் துகளாகத் தட்டி எடுத்தாள். எனக்கு நேரம் ஓடியது. அவளுக்கு நேரம் என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. பெட்டியிலிருந்து நட்டில் மாட்டுகிற பழைய இரும்புக் குப்பிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். ஒன்று தளர்வு, ஒதுக்கினாள். அடுத்தது நட்டின் மேல் ஏறவேயில்லை.

"இது போகாதே" என்றேன்.

"போகாததுதான் அக்கா வேணும்."

அதை நேராகப் பிடித்து, சுத்தியலால் அடித்தாள். ஓங்கி அடிக்கவில்லை. அடிப்பாள், காதைச் சாய்த்துக் கேட்பாள், திரும்ப அடிப்பாள். ஆறேழு அடியில் சத்தம் மாறியது எனக்கே கேட்டது. இரும்பு இரும்பைக் கவ்விவிட்டது. குப்பியில் மாட்டிய கைப்பிடியில் ஒரு நீளக் குழாயைச் செருகி, இழுக்காமல், உடம்பின் பாரத்தை மட்டும் மெல்ல மெல்ல இறக்கினாள். கிறீச்சென்று ஒரு சத்தம். உடைந்துவிட்டது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது குழாயோடு சேர்ந்து நட்டும் கால்வட்டம் திரும்பியிருந்தது.

டயரை மாற்றி முடித்தபோது மணி இரண்டு இருபது.

"உனக்குக் கை நடுங்கவேயில்லையே?" என்று கேட்டேன்.

"நான் கண்ணிவெடி எடுக்கிற வேலை அக்கா. இண்டைக்கும் ரெண்டு எடுத்துப்போட்டுத்தான் வாறன்" என்றாள், சந்தையில் ஏதோ வாங்கி வந்த மாதிரி. "இதில பிழை விட்டா நட் உடையும். அவ்வளவுதானே."

அவளுடைய முழங்கால் மண்ணை அப்போதுதான் உண்மையில் பார்த்தேன்.

மரத்தடியில் இருந்து மாமி அவளைக் கைகாட்டிக் கூப்பிட்டார். போர் முடிந்து மீள்குடியேறிய காலத்தில், கண்ணிவெடி இருக்கிறதென்று எங்கள் வயலைச் சுற்றியும் சிவப்பு நாடா கட்டியிருந்தது. மூன்று வருடம் கழித்துத்தான் இறங்க விட்டார்கள். மாமி மூச்சைப் பிடித்துப் பிடித்து அதைச் சொல்லி, "எங்கட வயலையும் நீங்கள்தானோ பிள்ளை துப்புரவாக்கினது?" என்று கேட்டார்.

"இல்லை அம்மா. அப்ப நான் வேலைக்குச் சேரேல்லை. வேற ஆக்கள் எடுத்திருப்பினம்."

"ஆரெண்டு ஒருநாளும் கேக்காமலே விதைச்சுச் சாப்பிட்டிட்டம்" என்றார் மாமி. அவளுடைய கையை எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். அதுவரை எதற்கும் அசையாத அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு, "நேரம் போகுது அம்மா, வெளிக்கிடுங்கோ" என்று மாமியைத் தூக்கிச் சீட்டில் இருத்திவிட்டாள்.

கால் மணி நேரம் பிந்திப் போனோம். தாதி ஒருத்தி வாசலிலேயே காத்திருந்து மாமியை உள்ளே கூட்டிப் போனார். இரவு வீடு திரும்பும்போது மாமியின் மூச்சு சீராக இருந்தது.

மாமி இன்றும் எங்களோடு இருக்கிறார். இப்போதெல்லாம் வயலுக்கு இறங்கும்போது நான் ஒரு கணம் நின்றுவிடுகிறேன். இந்த மண்ணில் நான் யோசிக்காமல் வைக்கிற ஒவ்வோர் அடிக்கும் முன்னால், யாரோ ஒருத்தர் உயிரைக் கையில் பிடித்து, அவசரப்படாமல், விரற்கடை விரற்கடையாக நகர்ந்து போயிருக்கிறார் என்ற நினைவு என் கால்களை மெதுவாக்கிவிடுகிறது.