ரீமரின் பெயரை வாசித்தபோது

இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் நிறையப் பேர். என்னோடு அந்த அறைக்கு வரச் சம்மதித்தவர் ஒருவருமில்லை. நடந்தது நடந்ததுதான்.

2007 டிசம்பர், ஹம்பேர்க். நான் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். ஓர் அருங்காட்சியகத்தில் இலங்கைப் பொருட்களின் கண்காட்சி வைக்க இருந்தார்கள். பார்வையாளர்கள் கேட்கும் ஒலி விளக்கத்தைத் தமிழில் வாசிப்பது என் வேலை. ஒலிப்பதிவு செய்தவன் நிசாந். நிலக்கீழ் தளத்தில் சின்ன அறை. நான் உள்ளே ஒரு கதிரையில், அவன் கண்ணாடிக்கு வெளியே.

அன்று வாசித்தது எமில் ஹார்ட்விக்கின் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆய்வாளர். யாழ்ப்பாணத்தில் பல வருடம் தங்கித் தமிழ் படித்தவர். உடுக்கு, காவடி, மீன்கூடை என்று சேர்த்துப் பெட்டி பெட்டியாகக் கப்பலில் அனுப்பினார். திரும்பி வந்து காப்பாளராகி, மண்டபங்களைத் தன் கையாலேயே அடுக்கினார். தலைமைப் பதவி தனக்குத்தான் என்று நம்பியிருந்தார்.

அது அவருடைய மாணவன் ரீமருக்குப் போனது. கப்பலில் கால் வைத்தே அறியாதவன். ஹார்ட்விக் சாகும்வரை அவனுக்குக் கீழேதான் வேலை. அவர் சுமந்து வந்த பொருட்களுக்குப் பக்கத்தில் அவன் பெயர். ரீமர் பேசும் கூட்டங்களில் கடைசி வரிசையில் இருப்பாராம். எல்லோரும் கைதட்டும்போது இவர் கை மட்டும் மடியிலேயே கிடக்குமாம்.

மாலை 4.10. வெளியே இருட்டிவிட்டது.

"1881இல் தலைவரானவர் குஸ்தாவ் ரீமர்" என்று வாசித்தேன்.

நிசாந் கையைத் தூக்கினான்.

"அக்கா, இருமினீங்களோ?"

"இல்லையே."

"திரும்ப வாசியுங்கோ."

வாசித்தேன். ரீமர் என்று சொன்னதும் அவன் முகம் மாறியது.

"யாரோ கிழவன் இருமுற மாதிரிக் கேக்குது."

வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தான். நடைபாதையில் ஒருவருமில்லை.

சுவரோரம் இருந்த ஹீட்டர் கை வைக்க ஏலாத சூடு. ஆனால் கடுங்குளிரில் நிற்பதுபோல என் வாயிலிருந்து புகை வந்தது...

மூன்றாம் தரம். அந்தப் பெயர் வரும் முன்பே தொண்டை எரிந்தது. யாரென்றே தெரியாத ரீமர்மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. அவன் பெயரைக் கிழித்துப்போட வேண்டும் போல... அது என் ஆத்திரம் இல்லை.

சொல்லி முடித்தேன். நிசாந் போட்டுக் காட்டினான்.

"1881இல் தலைவரானவர்..."

என் குரல்.

"...எமில் ஹார்ட்விக்."

அதுவும் என் குரல்.

"நான் ரீமர் எண்டுதானே சொன்னனான்?"

"ஓம் அக்கா. நான் உங்கடை வாயைப் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."

இன்னொருதரம் வாசித்தேன். இந்தமுறை பதிவில் ரீமர் என்றே இருந்தது. அதற்குப் பிறகு...

க்ர்ர்ர்...

ஒரு கிழட்டுக் குரல். தமிழில்.

"பிழை."

நிசாந் எழுந்து நின்றான்.

"போவம் அக்கா."

வேலையை முடிக்காமல் போக எனக்கு மனமில்லை. "தலைவரானவர் வேறொருவர்" என்று வாசித்தேன்.

இருமல் இல்லை.

என் காதுக்குப் பக்கத்தில் யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள்.

ஓடினோம்.

மார்ச்சில் கண்காட்சி திறந்தது. தமிழ் ஒலி விளக்கத்தில் மட்டும் ரீமரின் பெயர் ஏன் கேட்கவில்லை என்று பொறுப்பாளர் திருமதி அல்பேர்ஸ் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அது ஹார்ட்விக்கின் அறை" என்றார். "கடைசி வருடம் பக்கவாதம் வந்து ஜெர்மன் மொழி அவருக்கு முழுக்க மறந்துபோனது. தமிழ் மட்டும்தான் மிஞ்சியது. அவர் பேசியது இங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை. எதிரே இருந்த வெறும் கதிரையைப் பார்த்துக் கோபிப்பாராம், கெஞ்சுவாராம். அதில் யாரோ இருந்து எதையோ வாசிப்பதுபோல, கையை நீட்டி நிறுத்தச் சொல்வாராம். ஒரே சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாராம்."

கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்.

"பில்லை... பில்லை என்றால் உங்கள் மொழியில் என்ன?"

பிழை அல்ல, பிள்ளை. அப்பாவின் வயதான நண்பர்கள் இன்றும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

தெரியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.