சுவரில் சாய்த்த மெத்தை

பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோன பிறகு, அம்மா சுவரைத் தட்டித்தான் ஆளைக் கூப்பிட்டார். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாக ஒற்றை அறை வீடுகள்; எங்கள் காம்பராவுக்கும் பக்கத்துக் காம்பராவுக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர். அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். வேறு நாட்களில் அதைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். அம்மா படுத்த படுக்கையான பின்தான் அதன் அருமை தெரிந்தது. வலது கை மட்டும் அசையும். அந்தக் கையில் சில்வர் டம்ளரைப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டுவார். முழங்கால் வலியால் கொழுந்து பறிக்கப் போவதை நிறுத்திவிட்டு வீட்டிலிருந்த பக்கத்துக் காம்பரா அக்கா உடனே வந்துவிடுவார். அந்த நம்பிக்கையில்தான் நான் தினமும் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போய் வந்தேன்.

அந்த மழைக்காலத்தில் சுவர் முழுக்க ஈரம் கசிந்தது. அம்மாவின் முதுகு அதில் படும்போதெல்லாம் உடம்பு வெடவெடவென்று நடுங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நுவரெலியா டவுனுக்குப் போய் ஸ்பொஞ்சு மெத்தை ஒன்று வாங்கி, பஸ்ஸில் எல்லோரிடமும் ஏச்சு வாங்கிக்கொண்டு கொண்டுவந்தேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் அதை நிமிர்த்திச் சொருகினேன். அம்மா சாய்ந்து பார்த்துவிட்டு, வாய் கோணச் சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. எட்டாம் வகுப்பில் பொறிமுறை அலைகள் பாடம். கயிற்றை ஜன்னல் கம்பியில் கட்டி உதறிக் காட்டினேன். மேடும் பள்ளமும் ஓடுகிறது, கயிறு ஓடுகிறதா என்று கேட்டேன். கயிற்றின் துணிக்கைகள் இருந்த இடத்திலேயே அதிரும், சக்தி மட்டும்தான் பயணம் போகும், அதற்கு ஓர் ஊடகம் வேண்டும் என்று சொன்னேன். ஒலியும் அப்படித்தான் என்பதைக் காட்ட, பிள்ளைகளை மேசையில் காது வைக்கச் சொல்லி மறுமுனையில் தட்டினேன். எல்லோருக்கும் கணீரென்று கேட்டது. பிறகு ஒரு கம்பளிச் சட்டையை மடித்து மேசையில் வைத்து, அதன்மேல் தட்டினேன். கேட்கவில்லை என்றார்கள். மெத்தென்ற பொருள்கள் அதிர்வை உறிஞ்சிவிடும் என்று கரும்பலகையில் எழுதி, கீழே கோடும் போட்டேன். மண்டையில் ஏறியதா என்று அதட்டி வேறு கேட்டேன்.

என் மண்டையில்தான் ஏறவில்லை. அம்மா போய்விட்டார் என்று மத்தியானம் போன் வரும்வரை எனக்கு எதுவும் தோன்றவில்லை.

கஞ்சி கொடுக்கப் போன அக்காதான் முதலில் பார்த்திருக்கிறார். அம்மாவின் கை மெத்தைப் பக்கமாகக் கிடந்தது, டம்ளர் மடியில் உருண்டிருந்தது. மெத்தை உறையில் டம்ளரிலிருந்த பிளேன்டீ தெறித்த கறைகள் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. அம்மா எத்தனை தரம் தட்டினாரோ தெரியாது. அக்கா அழுதுகொண்டே சொன்னார்:

“சத்தமே இல்லீங்க டீச்சர். நல்லாத் தூங்குறாங்கன்னு நெனச்சுட்டேன்.”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆட்கள் வருவதற்குள் மெத்தையைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். அவ்வளவு கோழை நான்.

கருமாதி முடிந்த பிறகும் அக்கா தேறவில்லை. தன் காது மந்தமாகிவிட்டது, அதனால்தான் ஓர் உயிர் போய்விட்டது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்து என் வாசலில் நின்றார். காதில் ஒரு கோளாறும் இல்லையாம். சந்தோஷப்பட வேண்டிய மனுசி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். காது நன்றாக இருந்தும் கேட்கவில்லை என்றால், தான் எவ்வளவு அசட்டையாக இருந்திருக்க வேண்டும் என்று கேட்டார்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. மெத்தையை இழுத்து வெளியே போட்டேன். அதைச் சுவரில் வைத்தவள் நான்தான், எத்தனை தட்டினாலும் சத்தம் அந்தப் பக்கம் போயிருக்காது, உங்கள்மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று சொன்னேன்.

அக்கா குனிந்து அந்தக் கறையைத் தடவிப் பார்த்தார். அவர் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். ஏசவில்லை. குத்திக்காட்ட இல்லை, உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார்.

“மெத்தை வச்சா சத்தம் போகாதுங்கறது ஒங்களுக்குத் தெரிஞ்ச விசயந்தானுங்களே டீச்சர்?”

“ஆமாங்க அக்கா,” என்றேன்.