லிஃப்டுக்கு பஃப் போட்ட கதை

ஹெப்பகோடியில் எனக்கு ஸ்டீல் பாலிஷ் பட்டறை. பக்கத்து அபார்ட்மென்டில் லிஃப்டின் உட்சுவர் முழுக்கக் கீறல். முகம் தெரிய வேண்டும் என்றார் சங்கச் செயலாளர். இரும்பைத் தேய்த்த டிஸ்க் பட்டால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் துரு பூக்கும். அதனால் எல்லா டிஸ்க்கையும் புதிதாக வாங்கினேன். சொரசொரப்பானதில் தொடங்கி, படிப்படியாக நைஸானதுக்கு மாறி, கடைசியில் துணிச் சக்கரத்தால் பஃப் போட்டேன். முகம் தெரிந்தது.

மறுவாரமே செயலாளரிடமிருந்து போன். "அண்ணா, உள்ள போறவங்க தலை சீவிக்கிட்டே நிக்கறாங்க. கதவை மூட விடமாட்டேங்கறாங்க. கீழ ஒரே கியூ. மங்கலாக்கிடுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நைலான் டிஸ்க் மாட்டி, ஒரே திசையில் இழுத்து, அத்தனை பளபளப்பையும் கொன்றேன். "சூப்பர்ண்ணா" என்றார்.

பிறகொரு நாள் மொட்டைமாடிக் கைப்பிடி வேலைக்காகப் போனேன். லிஃப்ட் திறந்தே கிடந்தது. நான் மங்கலாக்கிய சுவரின் நடுவில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றை ஒட்டியிருந்தார்கள். செயலாளர் அதைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டிருந்தார். கதவு மூடாமலிருக்க ஒரு காலைக் குறுக்கே வைத்திருந்தார்.

"ஒரே நிமிஷம்ண்ணா."